கொரியாக்காரன் சால்மனா கேட்டான்?

கொஞ்ச நாளாவே வயித்தெரிச்சல். இன்னைக்குக் கொட்டிடறேன். ஆட்டோ அனுப்பறவங்க முழுசாப் படிச்சிட்டு அனுப்புங்க சாமிகளா :-)

விஷயம் இதுதான். 'வீட்டிலேயே கொரியன் சால்மன்'. எங்க திரும்பினாலும் இதான் ஓடுது. ஆரஞ்சு கலர்ல ஒரு மீன் துண்டம், மேல செக்கச்செவேல்னு காரமும் இனிப்புமா ஒரு பாகு, அதுக்கு மேல நாலு எள்ளு. படம் சும்மா பளபளன்னு மின்னுது. பாத்தா எனக்கும் எச்சில் ஊறத்தான் செய்யுது. அந்தச் சமையல் மேல எனக்கு ஒரு கோபமும் கிடையாது. ஆனா செய்முறையோட முதல் வரியிலயே சால்மன் அரை கிலோன்னு போட்டுட்டு, வேற மீன் போட்டா அந்த ருசி வரவே வராதுன்னு ஒரு எச்சரிக்கையும் கொடுக்கறாங்க பாருங்க, அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். அந்தச் சமையல்ல கொரியான்னு ஒண்ணு இருந்தா அது பாகுல இருக்கு, மீன்ல இல்லை. கையில காசு இருந்தா பாகுக்குச் செலவு பண்ணுங்க. மீன் நம்ம மீனே போதும்.

எழுதறது பள்ளிப்பட்டுல இருந்து. திருத்தணியைத் தாண்டி ஆந்திர எல்லையை ஒட்டின ஊர். கடல் இங்கேர்ந்து நூறு கிலோமீட்டர் பக்கம். ஊரை ஒட்டி ஓடற கொசஸ்தலை ஆத்துல முக்கால்வாசி நாள் மணல்தான் ஓடும். அதனால கடல் மீன்னா காசிமேட்டுல இருந்து ஐஸ் பெட்டியில வந்து, டி.வி.எஸ். வண்டியில தெருத்தெருவா வர்றதுதான். கிருத்திகை, புரட்டாசி மாசம்னா அந்த வண்டியும் காத்து வாங்கும். இந்த ஊருக்கு சால்மன் எப்படிங்க வரும்? சென்னையில பெரிய கடையில உறைய வெச்சு விக்கிறதை வாங்கி, பஸ்ல மூணு மணி நேரம் மடியில வெச்சுக்கிட்டு வரணும். விலை கிலோ ரெண்டாயிரத்துக்கு மேல. வந்து சேர்றதுக்குள்ள உருகி, பையெல்லாம் தண்ணி.

வாங்கறவங்க வாங்கட்டும், உனக்கென்னன்னு கேப்பீங்க. பக்கத்துத் தெருவுல ஒரு பொண்ணு. என்னை அண்ணான்னுதான் கூப்பிடும். கொரியன் சீரியல் ஒண்ணு விடறதில்லை. வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டறார். பொண்டாட்டி ஆசைப்பட்டாளேன்னு சென்னை போன மனுஷன் நானூறு கிராம் சால்மன் வாங்கிட்டு வந்தார். அவரோட ரெண்டு நாள் கூலி அது. இந்தப் பொண்ணு செய்முறையை வரிக்கு வரி பாத்து, பாகை முதல்லயே தடவி, தோசைக்கல்லுல போட்டிருக்கு. வெல்லம் கருகிப் போச்சு, மீன் நடுவுல வேகலை. மறுநாள் என்கிட்ட, "எனக்குக் கை வரலை போல இருக்குண்ணா. இதெல்லாம் நமக்கு ஆகற சமையல் இல்ல"ன்னு சொல்லிச்சு. எனக்குச் சுருக்குனு இருந்தது. அந்தப் பொண்ணு வெக்கற வஞ்சிர வறுவலைத் தின்னுட்டுப் பேசணும் நீங்க. கை வராதது அந்தப் பொண்ணுக்கில்லை. ஓவன்ல வெக்க வேண்டியதை அப்படியே எழுதிவிட்டு, தோசைக்கல்லு வெச்சிருக்கறவங்க என்ன பண்ணுவாங்கன்னு ஒரு நிமிஷம்கூட யோசிக்காதவங்களுக்குத்தான்.

சரி, இப்ப 'அசல்' கட்சிக்காரங்க கிட்ட வருவோம். சால்மன் இல்லைன்னா அது அசல் இல்லையாம். எந்த அசல்?

கொரிய வீடுகள்ல அன்னாடம் புழங்கற மீன் எதுன்னு நெனைக்கறீங்க? கோதுங்கோன்னு அவங்க சொல்ற மீன். நம்ம கானாங்கெளுத்தியோட ஒண்ணுவிட்ட சகோதரன். அதைத்தான் உப்புப் போட்டுச் சுடுவாங்க. மிளகாய்த்தூள், பூண்டு, முள்ளங்கி போட்டுச் சுண்டச் சுண்டக் கொதிக்க வெப்பாங்க. நார்வேக்காரங்க சால்மனைக் கடல்ல கூண்டு போட்டு வளத்து விக்கற தொழிலை ஆரம்பிச்சதே 1970 வாக்குலதான். பச்சையா மீன் திங்கற ஜப்பான்காரங்களுக்கே அதை 1980கள்ல தனித் திட்டம் போட்டுத்தான் பழக்கிவிட்டாங்க. ஆக, 'கொரியன் சால்மன்'ங்கறது பாகு ஒரு தேசம், மீன் ஒரு தேசம், சமைச்சது அமெரிக்காக்காரர் அடுப்புன்னு ஆன கலப்புக் கல்யாணம். நல்ல கல்யாணம்தான். ஆனா கலப்புக் கல்யாணத்துல பொறந்தவரே அடுத்தவனைப் பாத்து நீ சுத்தமில்லைங்கறது கொஞ்சம் ஓவரா இல்லை?

இன்னொண்ணு. கொரியாவுல அந்தோங்னு உள்நாட்டு ஊர் ஒண்ணு இருக்கு. கடல் கிடையாது. அந்தக் காலத்துல யோங்தோக் கரையில இருந்து கானாங்கெளுத்தியைச் சுமந்துக்கிட்டு நடந்தே வருவாங்க. ஊரை நெருங்கும்போது மீன் கெட ஆரம்பிக்கும், அதனால உப்பைப் போட்டுப் பதப்படுத்துவாங்க. கடல் இல்லாத அந்த ஊர் பேர்லதான் இன்னைக்குக் கொரியா முழுக்க உப்புக் கானாங்கெளுத்தி விக்குது. கடலுக்குத் தூரமா இருக்கறதை ஒரு குறையா நெனைக்காம அதுலயே பேர் வாங்கின ஊர். பள்ளிப்பட்டுக்காரன் கொரியாகிட்ட கத்துக்கணும்னா அந்தோங்கைப் பாத்துக் கத்துக்கலாம். நார்வே வரைக்கும் போக வேண்டியதில்லை.

கானாங்கெளுத்தியோட அறிவியல் பேர் என்ன தெரியுமா? ராஸ்ட்ரெல்லிகர் கனகுர்த்தா. அந்த 'கனகுர்த்தா' லத்தீன் இல்லைங்க. விசாகப்பட்டினத்து மீனவர்கள் சொன்ன பேரைப் பேட்ரிக் ரஸ்ஸல்ங்கற மருத்துவர் 1803 புத்தகத்துல பதிவு பண்ணினார், 1816ல குவியே அதையே எடுத்து உலகத்துக்கே பேரா வெச்சுட்டார். 1960 ஏப்ரல் 1 வரைக்கும் ஆந்திராவுல இருந்த ஊர் எங்க ஊர். ம.பொ.சி. காலத்துப் போராட்டத்துக்கு அப்புறம் தமிழ்நாட்டுக்கு வந்தோம். பாதித் தெருவுல இன்னும் தெலுங்குதான் கேக்கும். உலகமே தெலுங்குப் பேர் சொல்லிக் கூப்பிடற மீனை இந்த ஊர்ல மட்டமாப் பாத்துட்டு, பேர் வாயில நுழையாததைத் தேடறோம்!

பேர்னு சொன்னதும் இதையும் சொல்லிடறேன். சில கடைகள்ல 'இந்தியன் சால்மன்'னு எழுதி வெச்சிருக்காங்களே, அது காலா மீன். ரஜினி படம் (2018) வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இங்க இருந்த காலா :-) பம்பாய்ல ராவஸ்ம்பாங்க. சால்மனுக்கும் அதுக்கும் சொந்தமும் இல்லை பந்தமும் இல்லை. சதை வெளுப்பா இருக்கும். அருமையான மீன். அதைக் காலான்னு சொல்லி வித்தா என்ன குறைஞ்சிடும்? சால்மனோட ஆரஞ்சு கலரைப் பாத்து மயங்கறவங்களுக்கு ஒரு தகவல். பண்ணையில வளர்ற சால்மனுக்கு அந்தக் கலர் வர்றதுக்கு, தீனியில அஸ்டாசாந்தின்னு ஒரு நிறமியைச் சேக்கறாங்க. அதே தீனியில நெத்திலி வகைச் சின்ன மீன்களை அரைச்ச மாவும் எண்ணெயும் போகுது. ஒமேகா-3 வேணும்னு சால்மன் தேடறவங்க மத்தியும் கானாங்கெளுத்தியும் சாப்பிட்டாலே போதும். ரெண்டும் கொழுப்புள்ள மீன், விலை சால்மன்ல பத்துல ஒரு பங்குக்கு முன்னப் பின்ன.

இனி எதிர்க்கட்சி. 'மீன்ல இனிப்பா? உவ்வே!' கோஷ்டி. எங்க வீட்டுத் தங்கமணிகூட முதல்ல இந்தக் கோஷ்டிதான். இவங்க கிட்ட ஒரே கேள்வி. பெசரட்டுக்குத் தொட்டுக்க அல்லம் பச்சடி சாப்பிடறீங்களே, அதுல என்ன இருக்கு? இஞ்சி, மிளகாய், புளி, வெல்லம். உகாதிப் பச்சடியில என்ன இருக்கு? வத்தக்குழம்புல கடைசியா ஒரு துண்டு வெல்லம் போடறது யார்? காரமும் இனிப்பும் புளிப்பும் ஒரே கரண்டியில சேர்றது நமக்குப் புதுசே இல்லை. மிளகாயும் அப்படித்தான். அமெரிக்கக் கண்டத்துல பொறந்து, போர்ச்சுகீசியர் காலத்துல நமக்கு வந்தது. கொரியாவுக்கும் கிட்டத்தட்ட அதே காலகட்டத்துலதான் போச்சு. அப்பா, அம்மான்னு ரெண்டு மொழியிலயும் ஒரே வார்த்தை இருக்குன்னு 1905ல ஹல்பர்ட் எழுதின இலக்கணப் புத்தகத்துல இருந்து இன்னைக்கு வரைக்கும் பேசறோம். அவங்க கோச்சுஜாங்கும் நம்ம அல்லம் பச்சடியும் பங்காளின்னு யாராவது பேசறாங்களா?

ஒரு வித்தியாசம் இருக்கு, மறைக்கக் கூடாது. கோச்சுஜாங்ல இனிப்பு வெல்லத்துல இருந்து வர்றது இல்லை. மிளகாய்த்தூளோட பசை அரிசி மாவு, புளிக்க வெச்ச சோயா மாவு, முளைகட்டின பார்லி, உப்பு எல்லாம் சேத்து மண் சாடியில மாசக்கணக்கா ஊற வெப்பாங்க. முளைப்பயிர்ல இருக்கற நொதி அரிசி மாவைச் சர்க்கரையா மாத்தும். அந்தப் புளிச்ச ஆழம் வீட்டு மிக்ஸியில வராது. அதனாலதான் சொல்றேன், காசு போடணும்னா இதுல போடுங்க. ஒரு டப்பா வாங்கினா ஃப்ரிட்ஜுல மாசக்கணக்கா இருக்கும். ஹூண்டாய் 1996ல இருங்காட்டுக்கோட்டைக்கு வந்ததுல இருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரியர்கள் குடியிருக்காங்க, அவங்களுக்கான ஓட்டலும் மளிகைக் கடையும் இருக்கு. நம்ம மாவட்டத்துப் பசங்க கம்பெனி பஸ் ஏறி அந்தப் பக்கம்தான் வேலைக்குப் போறாங்க. வரும்போது ஒரு டப்பா வாங்கிட்டு வரச் சொல்லுங்க. உருகாது, நாறாது.

இப்ப தோசைக்கல்லு செய்முறை. அரை கிலோ கானாங்கெளுத்தி. செவுள் சிவப்பா, சதை கெட்டியா, ஐஸ்ல இருந்ததா இருக்கணும். இதுல மட்டும் சமரசம் வேண்டாம். ஐஸ் இல்லாம கிடந்த கானாங்கெளுத்தியில ஹிஸ்டமின் சேரும், அது எவ்வளவு வேக வெச்சாலும் போகாது. நல்ல மீன் கிடைக்கலைன்னா அன்னைக்கு ஏரிக் கட்லா வாங்குங்க, கொழுப்பு கம்மிங்கறதால எண்ணெய் மட்டும் கொஞ்சம் கூட விடணும்.

முதுகைக் கீறி ரெண்டா விரிச்சு, உப்புத் தடவிப் பத்து நிமிஷம் வெச்சு, துணியில ஈரம் போக ஒத்தி எடுங்க. ஈரம் இருந்தா மீன் அவியும், முறுகாது. பாகுக்கு: கோச்சுஜாங் ரெண்டு மேசைக்கரண்டி, பொடிச்ச வெல்லம் ஒண்ணு, சோயா சாஸ் ஒண்ணு, தட்டின பூண்டு நாலு பல், துருவின இஞ்சி ஒரு டீஸ்பூன், அரை மூடி எலுமிச்சைச் சாறு. கோச்சுஜாங் இல்லையா? நாலு காஷ்மீரி மிளகாய், ரெண்டு குண்டூர் மிளகாயை வெந்நீர்ல ஊற வெச்சு அரைச்சு, ஒரு டீஸ்பூன் அரிசி மாவு கரைச்சு, கூட ஒரு கரண்டி சோயா சாஸ் விட்டுக் கொதிக்க வெச்சுக்கங்க. இது கோச்சுஜாங் இல்லை, ஆனா பக்கத்துல வரும்.

கல்லு நல்லா காய்ஞ்சதும் எண்ணெய் விட்டு, தோல் பக்கம் கீழ இருக்கற மாதிரி நாலு நிமிஷம். திருப்பி ரெண்டு மூணு நிமிஷம். மீன் வெந்துடுச்சு. இப்பதான் தீயைக் குறைச்சுப் பாகைத் தடவணும். பக்கத்துக்கு ஒரு நிமிஷம், அவ்வளவுதான். வெல்லத்தை முதல்லயே போட்டா மீன் வேகறதுக்குள்ள அது கருகிடும். எள்ளை வறுத்துக் கடைசியில தூவுங்க. கொரியர்களோட எள்ளெண்ணெய் வறுத்த எள்ளுல ஆட்டினது, நம்ம நல்லெண்ணெய்ல அந்த வாசம் கிடையாது. வறுத்த எள்ளு அந்தக் குறையைத் தீர்க்கும். சுடுசோறு, பக்கத்துல வெள்ளரிக்காய். முடிஞ்சது.

அந்தப் பொண்ணு போன வாரம் இப்படித்தான் செஞ்சுது. அவங்க வீட்டுக்காரர் தட்டை வழிச்ச சத்தம் எங்க தெரு வரைக்கும் கேட்டுச்சாம் :-)

சமையல் எழுதற சக பதிவர்களுக்கு ஒரே விண்ணப்பம். சால்மன் கிடைக்கற ஊர்ல இருக்கறவங்க தாராளமாச் சால்மன்ல செய்ங்க, எழுதுங்க. டொராண்டோவுலயும் லண்டன்லயும் இருக்கற நம்மாளுங்களுக்கு அதுதான் கைக்கெட்டற மீன், அவங்க அதுல குழம்பே வெக்கறாங்க, நல்லாவும் இருக்கும். அது அவங்க ஊர் நியாயம். ஆனா படிக்கறவன் பள்ளிப்பட்டுலயும் இருப்பான்னு நெனைச்சுக்கிட்டு, 'அல்லது கானாங்கெளுத்தி, மத்தி, காலா'ன்னு ஒரு வரி சேத்து எழுதுங்க. ஓவன் இல்லாட்டி என்ன பண்ணணும்னு இன்னொரு வரி. இந்த ரெண்டு வரிக்குச் சோம்பல் பட்டுக்கிட்டு, 'அந்த ருசி வராது'ன்னு கதவைச் சாத்தாதீங்க.

டிஸ்கி: நார்வேக்காரர் மேல எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. யாராவது சும்மா சால்மன் வாங்கிக் கொடுத்தா வேண்டாம்னு சொல்ல மாட்டேன் ;-)