சுனாமி நிவாரணத்தோடு வந்த அடையாள அட்டை

அமெரிக்காவில் உள்ளூர் விமானம் ஏற என்ன அட்டை காட்ட வேண்டும் என்பதற்கும், 2004 டிசம்பர் 26-ஆம் தேதி நாகப்பட்டினத்தையும் மட்டக்களப்பையும் அடித்துக்கொண்டு போன சுனாமிக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லைதான். ஆனால் இரண்டும் ஒரே சட்டத்தில் இருக்கின்றன!

2005 மே 11 அன்று அதிபர் புஷ் ஒரு நிதி ஒதுக்கீட்டு மசோதாவில் கையெழுத்துப் போட்டார். ஈராக், ஆப்கானிஸ்தான் படைகளுக்குப் பணம், சுனாமி நிவாரணத்துக்குப் பணம். அதன் வாலில் ‘ரியல் ஐடி’ என்ற சட்டத்தையும் கட்டிவிட்டார்கள். பிரதிநிதிகள் சபை அதை அந்த வருடம் பிப்ரவரியிலேயே தனியாக நிறைவேற்றியிருந்தது. செனட் அதைத் தனியாக எடுக்கவே இல்லை. படைவீரர் சம்பளத்தோடும் சுனாமி நிவாரணத்தோடும் சேர்த்து அனுப்பியதும் 100-க்கு 0 என்று செனட்டில் பாஸ் ஆகிவிட்டது. எந்த செனட்டர் எழுந்து ‘நிவாரணம் வேண்டாம்’ என்பார்? கல்யாணச் சாப்பாட்டோடு கடன் பத்திரத்தையும் நீட்டிக் கையெழுத்து வாங்கின மாதிரி.

அந்தச் சட்டம் சொன்னது இதுதான். மாநில அரசு கொடுக்கும் ஓட்டுநர் உரிமம் மத்திய அரசின் தரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதைக் காட்டி விமானம் ஏற முடியாது. முதல் கெடு 2008. பிறகு தள்ளிப் போட்டார்கள், மறுபடி தள்ளினார்கள், கொரோனாவைச் சொல்லித் தள்ளினார்கள். கடைசியில் அமலுக்கு வந்தது 2025 மே 7-ஆம் தேதி. இருபது வருடம்! நாட்டின் பாதுகாப்புக்கு இது இல்லாமல் முடியாது என்றவர்கள், இது இல்லாமலேயே இருபது வருடம் கோடிக்கணக்கானவர்களை ஏற்றி இறக்கியிருக்கிறார்கள்.

சரி, வெளிநாட்டுக்காரருக்கு இதில் என்ன? ‘அவரிடம் பாஸ்போர்ட் இருக்குமே, அதைக் காட்டிவிட்டுப் போகட்டும்’ என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். விதிப்படி அது சரி. டி.எஸ்.ஏ. என்கிற போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் எந்த நாட்டு பாஸ்போர்ட்டையும் ஏற்கிறது. கிரீன் கார்டு, வேலை அனுமதி அட்டை, கனடா மாகாணங்களின் ஓட்டுநர் உரிமம் எல்லாம் செல்லும். விசா காலாவதியாகியிருந்தால்கூடப் பரவாயில்லை, உள்ளூர் விமானத்துக்கு விசா எதற்கு?

ஆனால் பாஸ்போர்ட் என்பது பர்ஸில் வைத்துக்கொள்ளும் அட்டை இல்லை. அது ஒரு மனிதன் அந்த நாட்டில் இருப்பதற்கான ஆதாரம். அமெரிக்கருக்கு ஓட்டுநர் உரிமம் தொலைந்தால் உள்ளூர் அலுவலகத்தில் வரிசையில் நின்று இன்னொன்று வாங்கலாம். நெப்ராஸ்காவில் படிக்கும் ஒரு பையனுக்கு பாஸ்போர்ட் தொலைந்தால்? போலீஸ் புகார், தூதரக விண்ணப்பம், காத்திருப்பு, உள்ளே இருந்த விசாவும் போச்சு. அப்படிப்பட்ட ஒன்றைத்தான் பெல்ட், லேப்டாப், சில்லறை எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தட்டில் கொட்டும் அவசரத்துக்கு நடுவில் கையில் பிடித்துக்கொண்டு நில் என்கிறார்கள். மூன்று நாள் விடுமுறைக்குச் சித்தப்பா வீட்டுக்குப் போய் வருவதற்கு!

பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தால் இன்னும் மோசம். தபாலில் போன பாஸ்போர்ட் திரும்பி வரும்வரை அவனுக்கு முகவரி உண்டு, வாடகை ஒப்பந்தம் உண்டு, பல்கலைக்கழகப் புகைப்பட அட்டை உண்டு, அமெரிக்க அரசே வழங்கிய விசா பதிவு உண்டு. விமான நிலையத்தில் மட்டும் அவன் யாரோ. பல்கலைக்கழக அட்டையை டி.எஸ்.ஏ. ஏற்காது. பாஸ்போர்ட்டின் நகலும் மொபைலில் எடுத்த படமும் செல்லாது.

ஓட்டுநர் உரிமம் எடுக்கட்டுமே என்பார்கள். எடுக்கலாம். கார் வாங்க வழியில்லாதவன் முதல் வருடமே எதற்கு அதற்கு அலைவான் என்பது ஒரு பக்கம். ரியல் ஐடி சட்டம் தற்காலிகமாகத் தங்கியிருப்பவர்களுக்கென்று தனி உரிமம் வைத்திருக்கிறது. தங்கும் அனுமதி என்றைக்கு முடிகிறதோ அன்றைக்கு அதுவும் முடியும். முடிவு தேதி குறிப்பிடாத அனுமதி என்றால் ஒரு வருடம்தான். தற்காலிகம் என்று அட்டையிலேயே தெரியும்படி போட வேண்டும் என்பதும் சட்டம். ஆனால் வேடிக்கை பாருங்கள், இதே டி.எஸ்.ஏ. காலாவதியான அட்டையையும் முடிந்து குறிப்பிட்ட காலம் வரை ஏற்றுக்கொள்கிறது. அப்படியென்றால் அட்டையில் இருக்கும் தேதிக்கும் விமானப் பாதுகாப்புக்கும் சம்பந்தமில்லை என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

‘செப்டம்பர் 11 மறந்துவிட்டதா?’ என்ற கேள்வி இந்த இடத்தில் வரும். அதைத்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. அன்று கடத்தப்பட்ட நான்கும் உள்ளூர் விமானங்கள். கடத்திய 19 பேரும் வெளிநாட்டவர். அன்றைக்கும் அடையாளம் கேட்கும் வழக்கம் இருந்தது! ஒருவரைத் தவிர மற்ற எல்லோரிடமும் ஏதாவது ஓர் அமெரிக்க அடையாள ஆவணம் இருந்தது என்று விசாரணைக் கமிஷன் எழுதியிருக்கிறது. அதில் சில மோசடியாக வாங்கியவை. அட்டையைக் காட்டினார்கள், ஏறினார்கள். இதில் பாதிக்கு மேற்பட்டவர்களைக் கம்ப்யூட்டர் சந்தேகப் பட்டியலில் வேறு தூக்கியிருந்தது. அதன் பலன் சரக்கறைக்குப் போகும் பெட்டிகளைக் கூடுதலாகக் கவனித்ததோடு சரி. கத்தி கையில் இருந்தது. அதன் பிறகு உண்மையில் வித்தியாசம் செய்தவை பூட்டிய விமானி அறைக் கதவும், ஒழுங்கான சோதனையும், ‘சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது’ என்று பயணிகளே கற்றுக்கொண்டதும்தான். பெயர் தெரிவது வேறு, கையில் என்ன இருக்கிறது என்று தெரிவது வேறு.

வணிகவியல் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஒரு காலத்தில் விமான டிக்கெட்டைப் பத்திரிகையில் வரி விளம்பரம் கொடுத்து விற்பார்கள். போக முடியாதவர் விற்பார், தேவைப்படுகிறவர் வாங்கி அந்தப் பெயரிலேயே ஏறிப் போவார். 1990-களின் நடுவில் அடையாளச் சோதனை இறுகியது. 1996 ஜூலையில் டி.டபிள்யூ.ஏ. 800 விமானம் நியூயார்க் அருகே வெடித்து 230 பேர் இறந்தது அதற்குப் பெரிய காரணம். குண்டாக இருக்கும் என்று சந்தேகம். நான்கு வருடம் விசாரித்து, வெடித்தது எரிபொருள் தொட்டி என்று 2000-இல் முடிவு சொன்னார்கள். குண்டு பொய்யானது, சோதனை மட்டும் தங்கிவிட்டது. அந்தப் பழைய டிக்கெட் சந்தை செத்தது. ஒரே இருக்கைக்கு ஆளுக்கொரு விலை வைக்கும் கம்பெனிக்கு, டிக்கெட் கைமாறாமல் இருப்பதைவிட வேறென்ன வேண்டும்? கறுப்புச் சந்தையைத் தடுக்கும் வேலையை அரசாங்கமே சம்பளமில்லாமல் செய்து கொடுக்கிறது :-)

இந்த விதியை ஒருவர் நீதிமன்றத்தில் கேட்டும் பார்த்தார். ஜான் கில்மோர். 2002 ஜூலை 4 அன்று அடையாளம் காட்டாமல் உள்ளூர் விமானம் ஏறப் போனார், விடவில்லை. எந்த விதி, காட்டுங்கள் என்றார். ரகசியம் என்றார்கள். அவர் காட்ட வேண்டிய அட்டை ரகசியமில்லை, அதைக் காட்டச் சொல்லும் விதிதான் ரகசியம்! 2006-இல் மேல்முறையீட்டு நீதிபதிகள் அந்த விதியைத் தாங்கள் மட்டும் தனியாகப் படித்துப் பார்த்துவிட்டு, ‘அட்டை இல்லாவிட்டால் கூடுதல் சோதனைக்கு உட்பட்டுப் போகலாமே, பிறகு என்ன உரிமை மீறல்?’ என்று வழக்கைத் தள்ளினார்கள். இரண்டே வருடம். 2008 ஜூனில், தொலைத்தவருக்கு மட்டும்தான் அந்தச் சலுகை, காட்ட மறுப்பவருக்கு இல்லை என்று டி.எஸ்.ஏ. மாற்றிவிட்டது.

இப்போது அந்தக் கூடுதல் சோதனைக்கும் விலை போட்டிருக்கிறார்கள். ஏற்கக்கூடிய அட்டை இல்லாதவர் 2026 பிப்ரவரி 1 முதல் 45 டாலர் கட்டினால், டேட்டாபேஸில் தேடி ஆளை உறுதிசெய்ய முயற்சி செய்வார்கள். பத்து நாளுக்குச் செல்லும். முதலில் 18 டாலர் என்று சொல்லியிருந்தார்கள், அப்புறம் 45 ஆகிவிட்டது. முயற்சிக்குத்தான் காசு, முடிவுக்கு உத்தரவாதம் இல்லை. முப்பது வருடமாகக் கடனட்டையும் வீட்டுக் கடனும் வைத்திருக்கும் அமெரிக்கரைக் கம்ப்யூட்டர் எளிதில் கண்டுபிடிக்கும். போன வருடம் வந்து இறங்கியவனைப் பற்றி அதில் என்ன இருக்கும்? ஆபத்தானவன் என்றால் 45 டாலர் வாங்கிக்கொண்டு ஏற்றக் கூடாது, ஆபத்தில்லாதவன் என்றால் 45 டாலர் எதற்கு?

அட்டை இல்லாமல் ஊரே வெடித்துவிடும் என்றால் ஆஸ்திரேலியா எப்போதோ போயிருக்க வேண்டும். அங்கே உள்ளூர் விமானத்துக்குப் பாதுகாப்புச் சோதனையில் பையைப் பார்ப்பார்கள், ஆளைப் பார்ப்பார்கள், அட்டை கேட்பதில்லை. நியூசிலாந்தில் 90 இருக்கைக்குக் குறைவான உள்ளூர் விமானங்களுக்குப் பயணிகளைச் சோதிப்பதே இல்லை. நம்மூர் கதை வேறு. வாசலிலேயே துப்பாக்கியோடு நிற்கும் சி.ஐ.எஸ்.எஃப். வீரர் அட்டை கேட்பார். இந்தியரிடம் ஆதார், பான், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் எதுவானாலும் சரி. சென்னைக்குப் படிக்க வந்த நைஜீரிய மாணவனிடம் பாஸ்போர்ட். அமெரிக்காவைத் திட்டும்போது இதையும் சேர்த்தே திட்ட வேண்டும்.

உண்மையில் இந்தச் சோதனை யாருக்குப் பயன்படுகிறது என்பது 2025 கடைசியில் வெளிவந்தது. பயணிகளின் பெயர்களை டி.எஸ்.ஏ. குடிவரவு அமலாக்கத் துறைக்குக் கொடுத்து வருகிறது, அதை வைத்து விமான நிலையத்திலேயே ஆட்களைப் பிடிக்கிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. தீவிரவாதப் பட்டியலோடு ஒப்பிடத்தான் பெயரும் பிறந்த தேதியும் என்று சொல்லி வாங்கியவை அவை. விசா மீறியவரைப் பிடிப்பது அரசின் உரிமைதான், அதை மறுக்க முடியாது. அதற்குச் சட்டமும் நீதிமன்றமும் இருக்கின்றன. குடிவரவுச் சோதனை என்றால் குடிவரவுச் சோதனை என்று பலகை வைத்து நடத்தட்டும். விமானத்தைக் காப்பாற்றுகிறோம் என்ற பலகைக்குக் கீழே அதை நடத்தக் கூடாது.

இத்தனைக்கும் சரிசெய்வது கஷ்டமே இல்லை. ஒவ்வொரு வெளிநாட்டு மாணவனின் பெயர், படிக்கும் இடம், படிப்பு முடியும் தேதி எல்லாம் செவிஸ் என்ற அரசு டேட்டாபேஸில் ஏற்கெனவே இருக்கின்றன. அதற்காக மாணவனிடமே கட்டணமும் வாங்கியிருக்கிறார்கள். பல்கலைக்கழகப் புகைப்பட அட்டையையும் ஐ-20 படிவத்தையும் வைத்துக்கொண்டு அந்த டேட்டாபேஸைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம் ஆகுமா?