அவள் நாவலை முடித்தாளா?

முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி கருத்தரங்கக் கட்டுரையொன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். 1978-இல் வெளியான ‘ஐ ஸ்பிட் ஆன் யுவர் கிரேவ்’ என்ற அமெரிக்கப் படம் ஒரு பெண்ணியப் பிரதி என்பது அவளுடைய வாதம். “நாலு பேரையும் அவளே கொல்றாம்மா. யாரு கையையும் எதிர்பாக்கல” என்றாள். கட்டுரையில் ‘கற்பழிப்பு’ என்று இருந்த இடங்களையெல்லாம் ‘வல்லுறவு’ என்று திருத்தினேன். அது எளிய வேலை. மற்றதை ஓரக்குறிப்பில் எழுத இடம் போதவில்லை. அதனால் இந்தக் கட்டுரை.

படம் பார்க்காதவர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கில் வாழும் ஜெனிஃபர் ஹில்ஸ் தன் முதல் நாவலை எழுதுவதற்காக ஆற்றங்கரைக் காட்டில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தனியாக வருகிறாள். பெட்ரோல் பங்க் நடத்துபவன், வேலையில்லாத இருவர், மளிகைச் சாமான் கொண்டுவரும் மூளை வளர்ச்சி குன்றிய இளைஞன் என நால்வர் அவளை வல்லுறவு செய்கிறார்கள். கேமரா இருபது நிமிடங்களுக்கு மேல் அங்கேயே நிற்கிறது. பிறகு அவள் கயிறு, கத்தி, கோடரி, படகு மோட்டார் என்று ஒவ்வொருவனாகக் கொல்கிறாள். மெய்ர் ஸார்ச்சி குறைந்த செலவில் எடுத்த படம். முதலில் வைத்த பெயர் ‘டே ஆஃப் த வுமன்’, பெண்ணின் நாள். அந்தப் பெயரில் படம் போகவில்லை. 1980-இல் விநியோகஸ்தர் பெயரை மாற்றி, கிழிந்த ஆடையில் ஒரு பெண்ணின் பின்புறத்தைச் சுவரொட்டியில் போட்டதும் போனது. அந்தச் சுவரொட்டி, அவள் ஐந்து ஆண்களைக் கொன்றதாகச் சொல்கிறது. படத்தில் சாவது நான்கு பேர். விற்றவர்களுக்கு எண்ணிக்கை முக்கியமில்லை, பின்புறம்தான் முக்கியம்.

கடைசியில் படகு மோட்டார் உறுமியபோது எனக்கும் மூச்சு சீரானது. அதை மறைக்கப் போவதில்லை. பார்ப்பவளுக்கு அந்த ஆறுதல் உண்மையாகவே கிடைக்கிறது. அதற்கு என்ன விலை வாங்குகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

எழுபதுகளின் அமெரிக்கக் காட்டுத் திகில் படங்களுக்கு ஒரே வாய்ப்பாடு. 1972-இல் ‘டெலிவரன்ஸ்’, 1974-இல் ‘டெக்சாஸ் செயின் சா மசாக்கர்’, 1977-இல் ‘த ஹில்ஸ் ஹாவ் ஐஸ்’. நகரத்து மனிதர்கள் காரில் வருவார்கள். தார்ச்சாலை முடியும். அங்கே பல் கெட்ட, படிக்காத, வேலையற்ற மனிதர்கள் காத்திருப்பார்கள். அந்த மனிதர்களுக்கு ஏன் வேலை இல்லை என்பதை இந்தப் படங்களே போகிறபோக்கில் சொல்லிவிடும். ‘டெலிவரன்ஸ்’ படத்தில் அந்த ஆறே அணைக்குள் மூழ்கப்போகிறது. ‘செயின் சா’ குடும்பம் இயந்திரம் வந்ததால் பிழைப்பை இழந்த கசாப்புக்கூடக் குடும்பம். கேரல் க்ளோவர் 1992-இல் வெளியிட்ட ‘மென், விமென் அண்ட் செயின் சாஸ்’ நூலில் இந்த நகரம்–நாட்டுப்புறம் என்ற அச்சைக் கவனப்படுத்தினார். பறித்துக்கொண்டவனுக்குப் பறிகொடுத்தவன் மேல் வருகிற பயம்தான் இந்தப் படங்களின் பேய்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. பாலைத் திணையின் ஆறலை கள்வரை நாம் வகுப்பில் நடத்துகிறோம். வழியில் பதுங்கியிருந்து அம்பு எய்யும் எயினரையும் மறவரையும் தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வியாகக் கேட்கிறோம். அந்த வழியில் பொருள் ஏற்றிப் போனவனின் பார்வையில்தான் பெரும்பாலும் அவர்கள் வருகிறார்கள்.

நம் காட்டில் நிஜமாக நடந்ததைப் பாருங்கள். 1992 ஜூன் 20. தருமபுரி மாவட்டம், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. சந்தனக் கட்டையைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் பழங்குடி ஊருக்குள் இறங்கினார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. 18 பெண்கள் வல்லுறவுக்கு உள்ளாக்கப்பட்டார்கள். காட்டில் வாழ்ந்தவர்கள் பாதிக்கப்பட்டவர்கள், வண்டியில் வந்தவர்கள் குற்றவாளிகள். வாய்ப்பாடு அப்படியே தலைகீழ். 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்திருந்தார்கள். மேல்முறையீடுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல்தான் தள்ளுபடி செய்தது. 31 ஆண்டுகள். அந்தப் பெண்கள் கோடரி எடுக்கவில்லை. அதிகாரிகளின் முன் நின்று, இவன்தான் என்று அடையாளம் காட்டினார்கள். கூலி நாளை விட்டுவிட்டு மறுபடியும் மறுபடியும் நீதிமன்றப் படியேறினார்கள். திரையில் அதற்குப் பத்து நிமிடம்கூடத் தர மாட்டார்கள்.

ஜெனிஃபரின் கதைக்கும் ஒரு காவல் நிலையம் உண்டு, படத்துக்கு வெளியே. 1974-இல் நியூயார்க் பூங்கா ஒன்றில் வல்லுறவுக்குள்ளாகி ரத்தம் வழிய வந்த பெண்ணைத் தானும் நண்பரும் காப்பாற்றியதாகவும், மருத்துவமனைக்குப் போவதற்கு முன் காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்றது தவறாகப் போனதாகவும் ஸார்ச்சி சொல்லியிருக்கிறார். தாடை உடைந்து பேச முடியாமல் நின்றவளிடம் அந்த அதிகாரி பெயரையும் விவரத்தையும் கேட்டுக்கொண்டிருந்தாராம். இந்தக் கோபத்தில்தான் படம் பிறந்தது என்கிறார். சரி, அந்த அதிகாரி படத்தில் எங்கே? இல்லை. ஜெனிஃபர் காவல் நிலையத்துக்குப் போவதே இல்லை. கோபத்தின் காரணத்தை வெட்டி எறிந்துவிட்டு நான்கு நாட்டுப்புறத்தான்களை அந்த இடத்தில் நிறுத்தினார்கள். சீருடை தப்பித்துக்கொண்டது.

அதே 1978-இல் இங்கே உச்ச நீதிமன்றம் மதுரா வழக்கில் தீர்ப்பளித்தது. மகாராஷ்டிராவில் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்துக்குள் 1972-இல் ஒரு பழங்குடிச் சிறுமி வல்லுறவு செய்யப்பட்ட வழக்கு அது. உடலில் காயமில்லை, எதிர்த்ததற்கு அடையாளமில்லை என்று சொல்லி இரண்டு காவலர்களையும் நீதிமன்றம் விடுதலை செய்தது. அடுத்த ஆண்டு நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஒரு கடிதம் சட்டப் புத்தகத்தைத் திறக்க வைத்தது என்பதை என் மாணவிகள் பழிவாங்கும் கதைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

தமிழ்த் திரை அதே ஆண்டில் ‘சிகப்பு ரோஜாக்கள்’ படத்தைத் தந்தது. அங்கே காடில்லை, பங்களா. கொலைகாரன் ஏழையில்லை, பணக்காரன். அந்த அளவுக்குப் பாரதிராஜாவின் படம் அமெரிக்கப் படங்களைவிட உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆனால் அவன் ஏன் பெண்களைக் கொல்கிறான் என்பதற்கு ஒரு பழைய கதை வைத்தார்களே, அங்கேதான் எல்லாம் கெட்டது. சிறுவனாக இருந்தபோது ஒருத்தி அவன்மேல் பொய்ப்பழி போட்டாள். இன்னொருத்தி கணவனுக்குத் துரோகம் செய்தாள். ஆகவே செத்தவர்கள் எல்லாருக்கும் காரணம் பெண்தான். ஒரு படம் குற்றத்தைக் காட்டுக்கு அனுப்புகிறது, மற்றொன்று குற்றத்தைப் பெண்ணிடமே திருப்பி அனுப்புகிறது. இரண்டிலும் ஆணாதிக்கத்தின் வீட்டு முகவரி கிடைக்காது.

காட்டைக் காட்டிப் பெண்ணைப் பயமுறுத்துவதில் யாருக்கு லாபம் என்பதை நான் பிளவக்கலில் கற்றுக்கொண்டேன். முனைவர் பட்ட ஆய்வின் கடைசி ஆண்டு. வீட்டில் எழுத இடமில்லை, நேரமுமில்லை. வத்திராயிருப்பு தாண்டி, கூமாபட்டி தாண்டி, மலையடிவாரத்தில் அணை. 2025-இல் கூமாபட்டி ரீல்ஸில் பிரபலமாவதற்கு வெகுகாலம் முன்பு அது. தென்னந்தோப்பும் மாந்தோப்பும் தண்ணீரும் மட்டும்தான். பக்கத்தில் ஒரு தங்குமிடத்தில் நான்கு நாள் அறை கேட்டேன். “தனியா வர்ற லேடீஸுக்குக் குடுக்கிறதில்ல. காட்டோரம். ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? கூட ஆம்பள யாராவது வந்தா பரவால்ல” என்றார் பொறுப்பாளர். அப்பாவும் அதையே சொன்னார். ஆய்வேட்டை இரவு பதினொன்றுக்கு மேல் அடுக்களை மேடையில் வைத்து எழுதி முடித்தேன். இதற்கு நம் இலக்கணத்தில் பெயர் உண்டு: இற்செறிப்பு. தினைப்புனத்தில் பரண் மேல் நின்று கிளி ஓட்டிய கொடிச்சியை வீட்டுக்குள் அடைப்பது.

அன்று திரும்பும் பேருந்தில், விறகு விற்றுவிட்டு வந்த அக்கா ஒருத்தரிடம் காட்டுக்குள் பயமில்லையா என்று கேட்டேன். “யானைக்குப் பயந்தான் தாயி. ஆனா யானை நின்னா வாட அடிக்கும், ஒதுங்கிக்கிரலாம். பைக்கில வாரவனுக்கு வாட கெடையாதே” என்றார். காட்டைத் தினமும் மிதிக்கிறவர் பேச்சு அது. அவருக்கு எது ஆபத்து, அது எந்தத் திசையிலிருந்து வரும் என்று துல்லியமாகத் தெரிந்திருந்தது. எனக்கு அறை மறுத்தவருக்குத் தெரியவில்லை, ஸார்ச்சிக்கும் தெரியவில்லை.

காட்டில் தனித்திருந்து பாடிய காரைக்கால் அம்மையார் அதற்கு முன் தசையையும் அழகையும் உதறிப் பேய் வடிவம் கேட்டுப் பெற்றதாகப் பெரியபுராணம் சொல்கிறது. அதைப் பக்தி என்று படிக்கலாம். பெண்ணுடலோடு இருந்தால் எழுத விடமாட்டார்கள் என்று தெரிந்தவளின் ஏற்பாடு என்றும் படிக்கலாம். நான் இரண்டாவதைத்தான் நடத்துகிறேன்.

இனி ஜெனிஃபரின் நாவலுக்கு வருகிறேன். அந்த நால்வரும் அவள் கையெழுத்துப் பிரதியை எடுத்துக் கேலி செய்து கிழித்துப் போடுகிறார்கள். படத்தில் எனக்கு வயிற்றைப் பிசைந்த இடம் அதுதான். பிழைத்து எழுந்தவள் கிழிந்த தாள்களைச் சேர்த்து ஒட்டுகிறாள். ஒரு நொடி, படம் வேறு பக்கம் திரும்பிவிடும் என்று நினைத்தேன். திரும்பவில்லை. தாள்களை வைத்துவிட்டுக் கயிற்றை எடுக்கிறாள். எழுத வந்தவளைக் கொலைகாரியாக்கி, அதையே அவளுடைய வெற்றி என்று நமக்கு விற்கிறார்கள். அவள் கேட்டது நான்கு பிணங்களை அல்ல. ஒரு வீடு, ஒரு மேசை, யாரும் வந்து கதவு தட்டாத ஒரு கோடைகாலம்.

மாணவியின் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தபோது கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி மட்டும் எழுதியிருந்தேன்: அவள் நாவலை முடித்தாளா? படித்துவிட்டுச் சிறிது நேரம் நின்றாள்.

“படத்துல அது வரலம்மா.”

“அதத்தான் நீ எழுதணும்.”

போகும்போது வாசலில் திரும்பி, “பிளவக்கலுக்கு ஒரு நாள் கூட்டிட்டுப் போறீங்களாம்மா?” என்று கேட்டாள். கூட்டிக்கொண்டு போக மாட்டேன் என்றேன். பேருந்து நேரத்தை எழுதிக் கொடுத்தேன்.