தெறித்து விழுந்ததில் படி கட்டுவதா?



டெக்சாஸில் இருக்கும் என் தம்பி மகன் வீட்டுக் கொல்லையில் நீச்சல் குளம் கட்டப் போகிறான். குழி வெட்டி, கம்பி கட்டி, அதன்மேல் கான்கிரீட்டைக் காற்றழுத்தத்தால் பீய்ச்சி அடிக்கும் முறை. இதில் உலர் முறை நல்லதா, ஈர முறை நல்லதா என்று நம் குடும்பக் குழுவில் ஒரு வாரமாகப் பட்டிமன்றம். தீர்ப்பு சொல்லும்படி என்னை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

இரண்டும் நல்லதுதான். உலர் முறையில் சிமென்டும் மணலும் உலர்ந்தபடியே குழாயில் வரும். முனையில்தான் தண்ணீர் சேரும். ஈர முறையில் குழைத்த கான்கிரீட்டே பம்பில் வரும். முனையில் காற்று சேர்ந்து வேகம் கொடுக்கும். 'உலர் முறை அந்தக் காலத்துச் சரக்கு' என்பது வியாபாரப் பேச்சு. பழையது என்பது உண்மைதான். சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தில் விலங்குகளைப் பாடம் செய்துகொண்டிருந்த கார்ல் ஏக்லி கண்டுபிடித்த சிமென்ட் துப்பாக்கிக்கு 1911இல் காப்புரிமை கிடைத்தது. (யானைக்குத் தோல் போர்த்தியவர் தந்த கருவி!) பழையது என்பதற்காகப் பலம் குறைந்துவிடுமா?

என் கோபம் வேறு. பீய்ச்சும்போது கொஞ்சம் சுவரில் பட்டுத் தெறித்துக் கீழே விழும். அதில் சிமென்ட் குறைவு, மணல்தான் அதிகம். அள்ளி வெளியே கொட்ட வேண்டிய குப்பை அது. இந்த ஒப்பந்தக்காரர் அதைப் படிக்கட்டுக்கும் உட்காரும் திண்டுக்கும் நிரப்புவாராம். "வீணாக்க மாட்டோம், எல்லோரும் செய்வதுதான்" என்கிறார். வகுப்பே காப்பியடித்தால் தப்பான விடை சரியாகிவிடுமா? மேலே பூசிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே பொறபொறவென்று கிடக்கும். தண்ணீர் ஊறும், கம்பி துருப்பிடிக்கும். விரிசல் விடப்போவது குழந்தைகள் கால் வைத்து இறங்கும் படி.

அடுத்து, முனையைப் பிடிக்கும் ஆள். சுவருக்குச் செங்குத்தாகப் பிடிக்காமல் சாய்த்தால் தெறிப்பு கூடும். கம்பிக்குப் பின்னால் பொந்து விழும். உலர் முறையில் தண்ணீர் அளவும் அவர் கையில்தான். அமெரிக்கன் கான்கிரீட் இன்ஸ்டிட்யூட் இந்த வேலைக்கென்றே தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறது. உலர் முறைக்குத் தனி, ஈர முறைக்குத் தனி. டைல்ஸ் நிறத்துக்கு மூன்று நாள் விவாதித்த நம் குடும்பத்தில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை.

கண்ணா, தெறித்து விழுந்தது ஒரு சட்டிகூட உள்ளே போகக் கூடாது, சான்றிதழ் உள்ளவர்தான் முனையைப் பிடிக்க வேண்டும், அடித்தபின் 7 நாள் ஈரம் காயாமல் வைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கு. மறுத்தால் ஆளை மாற்று. கையெழுத்துப் போடுமுன் அந்தத் தாளைப் பெரியப்பாவுக்கு அனுப்பு.