கல்லும் நூலும் இருக்க, திரை எதற்கு?

நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஸ்மார்ட் போர்டு திறந்துவைக்கப்படும்போதெல்லாம் அதே வாக்கியம் மேடையேறுகிறது: இனி அறிவியல் பிள்ளைகளுக்கு எளிதில் புரிந்துவிடும். கைதட்டலும் தவறாமல் கிடைக்கிறது. இந்த நம்பிக்கை தவறு என்பது மட்டுமல்ல, கெடுதலும்கூட. அது எவ்வளவு தூரம் போய்விட்டது என்பதற்கு ஒரு பெயரே சாட்சி. கணினிகளும் இணையமும் உள்ள அறைக்குத் தமிழ்நாட்டில் 'உயர்தொழில்நுட்ப ஆய்வகம்' என்று பெயர். பேச்சில் ஹைடெக் லேப். அங்கே சோதனைக் குழாய் இல்லை, தராசு இல்லை, காந்தம் இல்லை. பிள்ளைகள் உட்கார்ந்து திரையைப் பார்க்கிறார்கள், சரியான விடையைச் சொடுக்குகிறார்கள். ஆய்வே நடக்காத அறையை ஆய்வகம் என்று அழைக்கப் பழகியபின், ஆய்வு என்ற சொல்லுக்குப் பிள்ளை என்ன பொருள் கொள்ளும்?

ஊசலை எடுத்துக்கொள்வோம். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால், கனமான கல்தான் வேகமாக ஆடும் என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளை நினைக்கும். கல்லை மாற்றிக் கட்டிப் பார்த்தால் அலைவு நேரம் மாறாது. நூலைக் குறைத்தால் மாறும். ஒரு மீட்டர் நூலில் ஒரு முழு அலைவுக்கு ஏறத்தாழ 2 விநாடி, கால் மீட்டரில் 1 விநாடி. அனிமேஷன் இதை அரை நிமிடத்தில் காட்டிவிடும், பிள்ளையும் நம்பிவிடும். கனமான கல் வேகமாக ஆடுவதாக அதே அனிமேஷன் காட்டினாலும் பிள்ளை நம்பத்தான் செய்யும். கோளாறு இங்கேதான் இருக்கிறது. திரையில் ஆடுவது வரைந்தவரின் விருப்பம். நூலில் ஆடுவது புவியின் இழுப்பு. கையால் ஆட்டி அளக்கும்போது பத்து அலைவுக்கு ஒரு குழு 19 விநாடி என்கிறது, அடுத்த குழு 21 என்கிறது, இன்னொரு குழு ஒன்பதைப் பத்தென்று எண்ணி 18 என்கிறது. யார் அளந்தது சரி, எங்கே தொடங்கி எண்ணினோம், மறுபடி அளக்கலாமா என்று சண்டை வருகிறது. அந்தச் சண்டைதான் அறிவியல் பாடம். திரையில் எத்தனை முறை ஓட்டினாலும் 20தான் வரும்.

கல்லும் நூலும் ஊருக்கே பாடம் நடத்துமா என்று கேட்பவர்களுக்கு ஹோஷங்காபாத்தைக் காட்டலாம். மத்தியப் பிரதேசத்தின் அந்த மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய திட்டம் அது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, சோதனை செய்துதான் பிள்ளைகள் அறிவியல் படித்தார்கள். 'பால் வைஞானிக்' என்ற அவர்களுடைய பாடநூல் விடையை எடுத்து நீட்டவில்லை; செய்முறையையும் கேள்வியையும் தந்தது. விடை பிள்ளைகளின் நோட்டில்தான் உருவானது. தேர்வில் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. டில்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் அறிவியலாளர்கள் வந்து கிராமத்து ஆசிரியர்களோடு உட்கார்ந்தார்கள். டெல்கோவில் பொறியாளராக இருந்த அரவிந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் இணைத்து வடிவங்கள் செய்யத் தொடங்கியது அங்கே போனபோதுதான். 1982-இல் ஏகலவ்யா அமைப்பு பொறுப்பேற்றது. திட்டம் பல மாவட்டங்களில் நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. ஆய்வகக் கட்டடம் இல்லாத, கணினியைக் கண்டிராத பள்ளிகள் அவை. அறிவியலாளர்களும் கல்வியாளர்களும் எதிர்த்தும், 2002-இல் மாநில அரசு அதை மூடியது.

அணுவையும் கோளையும் கையில் கொடுக்க முடியுமா என்பார்கள். முடியாது, அவற்றைத் திரையில் காட்டட்டும். ஆனால் நடுநிலை வகுப்புகளின் பாடத்தில் பெரும்பகுதி வெப்பம், ஒளி, காந்தம், விசை, அமிலம், காரம், முளைக்கும் விதை. மஞ்சள்தூள் சோப்புத் தண்ணீரில் சிவப்பதைப் பார்க்க எந்தச் செயலியும் வேண்டாம். சாதனத்தைக் கொடுத்தால் படிப்பு தானாக வரும் என்று நம்பிய பெரு நாடு, 2008 முதல் லட்சக்கணக்கான மடிக்கணினிகளைப் பிள்ளைகளுக்கு வழங்கியது. அங்கே 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது: கணிதத்திலோ மொழியிலோ தேர்ச்சி கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. கணக்கையே உயர்த்தாத சாதனம் ஊசலின் சண்டையை எங்கிருந்து கொண்டுவரும்? சோதனைக்கு நேரமில்லை என்று ஆசிரியர்கள் சொல்வது உண்மைதான். அந்த நேரத்தைத் தின்றதில் தொழில்நுட்பத்துக்கும் பங்குண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றுவதற்கே ஆசிரியர் கையில் கைபேசி ஓயாமல் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் செய்முறைக்கு 25 மதிப்பெண் வைத்திருக்கிறோம். அதற்கு முந்தைய ஆண்டுகளில் பிள்ளை எதையும் தொட்டுப் பார்க்கவில்லையென்றால், அந்த 25 யாருடைய திறமைக்கு? அரசுப் பள்ளிகளில் சோதனை வழியே அறிவியலைக் கற்பிக்க 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் சரியான திசை. ஆனால் வெளியிலிருந்து கருத்தாளர் வரும் நாளில் மட்டும் சோதனை, மற்ற நாளெல்லாம் திரை என்றால், சோதனை ஒரு வேடிக்கையாகவே நின்றுவிடும்.

பெற்றோரே, பள்ளி மேலாண்மைக் குழு அடுத்து கூடும்போது ஸ்மார்ட் போர்டு எப்போது வரும் என்று கேட்காதீர்கள். இந்த ஆண்டு என் பிள்ளை தன் கையால் எத்தனை சோதனை செய்தாள் என்று கேளுங்கள். அவளுடைய நோட்டைக் காட்டச் சொல்லுங்கள்.