விலை கூடிய ஊசிதான் நல்ல ஊசியா?

கருத்தரிப்பு மையங்களில் காத்திருப்பவர்களிடையே ஒரு பேச்சு ஊறிப்போயிருக்கிறது. முட்டை வளர்வதற்கு ஆய்வகத்தில் தயாராகும் ரீகாம்பினன்ட் எஃப்.எஸ்.எச். ஊசிதான் உயர்ந்தது, மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கும் எச்.எம்.ஜி. ஊசி பழசு, மட்டம், வசதியில்லாதவர்களுக்கானது. இதை நம்பி நகையை அடகு வைக்கும் குடும்பங்கள் உண்டு. அதனாலேயே இதை மறுத்தாக வேண்டும்.

முதலில் பலன். 42 ஆய்வுகளையும் 9,606 தம்பதிகளையும் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு 2011இல் வெளிவந்தது. சிறுநீர்வழி மருந்தில் நூற்றுக்கு 25 பேருக்குக் குழந்தை பிறந்தால், ரீகாம்பினன்ட்டில் அது 22 முதல் 26 வரை இருக்கும் என்றது. எச்.எம்.ஜி.யோடு மட்டும் ஒப்பிட்ட ஆய்வுகளில் தராசு எச்.எம்.ஜி. பக்கமே லேசாகச் சாய்ந்தது. மட்டமான மருந்து இப்படியா நடந்துகொள்ளும்?

சிறுநீர் என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. இத்தாலியில் வயதான கன்னியாஸ்திரிகளின் சிறுநீரைச் சேகரித்து உருவாக்கிய எச்.எம்.ஜி. மருந்தால் உண்டான முதல் குழந்தை 1962இல் இஸ்ரேலில் பிறந்தது. இன்றைய எச்.எம்.ஜி. பன்மடங்கு சுத்திகரிக்கப்பட்டது. ரீகாம்பினன்ட் மருந்தும் வானத்திலிருந்து வருவதில்லை. ஹாம்ஸ்டர் என்னும் சிறு பிராணியின் சினைப்பைச் செல்களில்தான் அதை வளர்த்தெடுக்கிறார்கள். பேனா வடிவில் கிடைப்பதால் வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம், அளவும் துல்லியம். இந்த வசதிக்காக ஒருவர் கூடுதல் விலை கொடுப்பதில் தவறில்லை. ஆனால் வசதியைப் பலன் என்று சொல்லி விற்கக் கூடாது.

"ரீகாம்பினன்ட்டில் முட்டை அதிகம் கிடைக்குமே?" கிடைக்கும். 731 பெண்களிடம் நடந்து 2006இல் வெளியான மெரிட் ஆய்வில் ரீகாம்பினன்ட் பிரிவில் சராசரி 11.8 முட்டை, எச்.எம்.ஜி. பிரிவில் 10. ஆனால் கர்ப்பம் நிலைத்தது முறையே 22, 27 சதவீதம். புள்ளியியல் கணக்குப்படி இந்த வித்தியாசம் உறுதியானதல்ல, எச்.எம்.ஜி. மேல் என்று கொண்டாடவும் இதில் இடமில்லை. முட்டை கூடியும் குழந்தை கூடவில்லை என்பதே செய்தி. பிரிட்டனில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு) சுழற்சிகளை அலசியபோதும், சுமார் 15 முட்டைவரை வாய்ப்பு ஏறி, பிறகு தேங்கி, 20ஐத் தாண்டியதும் இறங்கியது. சினைப்பையை அளவுக்கு மீறித் தூண்டினால் வயிற்றில் நீர் கோக்கும், ரத்தம் உறையும், அரிதாக உயிரே போகும். எண்ணிக்கையைக் காட்டி ஒரு பெண்ணை அந்த ஆபத்தின் பக்கம் தள்ளுவது அநியாயம்.

ஊசியில்லாமல் முட்டையைத் தூண்ட குளோமிஃபீன், லெட்ரோசோல் என்ற மாத்திரைகளும் உண்டு. மாத்திரை பலவீனம், லெட்ரோசோல் புற்றுநோய் மருந்து என்ற பயம் தனி. லெட்ரோசோலால் பிறவிக் குறை வரும் என்ற பீதியையும் 2005இல் ஒரு மாநாட்டில் வாசிக்கப்பட்ட ஆய்வு கிளப்பியது. மறு வருடமே கனடாவில் 911 குழந்தைகளைப் பார்த்தார்கள்: குறைபாடு லெட்ரோசோலில் 2.4, குளோமிஃபீனில் 4.8 சதவீதம். அப்படியும் இந்தியா 2011இல் கருத்தரிப்புக்கு லெட்ரோசோலைத் தடை செய்தது. 2017இல்தான் தடை நீங்கியது. இடையில், 2014இல், அமெரிக்காவில் பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ள 750 பெண்களிடம் நடந்த ஆய்வு வெளியானது. லெட்ரோசோலில் 27.5 சதவீதத்தினருக்கும் குளோமிஃபீனில் 19.1 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்திருந்தது. பி.சி.ஓ.எஸ். உள்ள, முட்டை வெடிக்காதது மட்டுமே குறையான பெண்ணுக்கு எடுத்த எடுப்பில் விலை கூடிய ஊசியை எழுதினால், மாத்திரையை ஏன் முதலில் தரவில்லை என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். பதில் சொல்வது அவர் கடமை.