சான்று எங்கே?

ஏட்டைப் பூசையில் வைத்தோம். ஆடிப்பெருக்கில் ஆற்றிலும் விட்டோம்! அந்தப் பித்தம் தெளிந்ததா? கோட்டையூர் ரோஜா முத்தையா திரட்டிய தமிழ் நூல்களையும் தாள்களையும், 1992-இல் அவர் மறைந்தபின் விலைகொடுத்துக் காத்தது கடல்கடந்த சிகாகோ பல்கலைக்கழகம். சென்னையில் நூலகமாக 1994-இல் அவை நிலைத்தது அதனால்தான். நம் பல்கலைக்கழகங்கள் எங்கே போயின?

புகழ்பெற்ற திரட்டுக்கே இக்கதியென்றால், குத்தம்பாக்கத்தின் தாள்களுக்கு என்ன கதி? அங்கே 1996-இல் ஊராட்சித் தலைவரானார் பொறியாளர் இளங்கோ. ஒரே சுவரின் இருபுறமும் தாழ்த்தப்பட்டோரும் பிற சாதியினரும் வாழ, சமத்துவபுரத்தில் இரட்டை வீடுகள் எழுந்தன. அவற்றின் வரைபடம், கடிதம், கிராமசபைத் தீர்மானம் யாவும் பல்கலைக்கழகக் காப்பகத்துக்கு உரியவை அல்லவா?

பிரமதேயத்துக்குச் செப்பேடு உண்டு. சமத்துவத்துக்குக் காகிதமும் மிஞ்சாதா? தோழர்களே, சிலை பிறகு. தாளைக் காப்போம் முதலில்! சான்றில்லாச் சாதனையைப் பழமைவாதி நாளை கட்டுக்கதை என்பான்!