விமானம் ஏறும் காய்க்கு நம் ஊர்ப் பெயர் வேண்டும்

சுரண்டை, பாவூர்சத்திரம் மார்க்கெட்டுகளில் கொள்முதலாகும் காய்கறியில் பெரும்பகுதி செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போவது நம் வணிகப் பெருமக்கள் அனைவரும் அறிந்ததே. தென் தமிழ்நாட்டுக் காய் அங்கேயே நின்றுவிடுவதில்லை என்பதும் புதிய செய்தி அல்ல. அதில் ஒரு பங்கு தரம் பிரிக்கப்பட்டு, அட்டைப்பெட்டியில் அடைக்கப்பட்டு, திருவனந்தபுரம் விமான நிலையம் வழியாக வளைகுடா நாடுகளுக்குப் பறக்கிறது. துபாயிலும் மஸ்கட்டிலும் தோஹாவிலும் உள்ள நம்மவர்கள் சாம்பாரில் போடும் முருங்கைக்காயும் வெண்டைக்காயும் இப்படிப் போனவைதான்.

விளைவிப்பது நம் விவசாயி. முதல் போட்டு வாங்குவது நம் மண்டி. ஆனால் பெட்டியின் மேல் ஏறும் பெயரும், பெட்டி கட்டியதால் வரும் லாபமும் மலைக்கு அந்தப் பக்கம் உள்ளவர்களுக்குப் போகின்றன. அவர்கள் உழைக்கிறார்கள், சம்பாதிக்கிறார்கள். அதில் நமக்குப் பொறாமை இல்லை. அந்த வேலையை ஏன் இங்கேயே செய்யக்கூடாது என்பதுதான் நம் கேள்வி.

முதலில் இத்தொழிலின் தன்மையைப் புரிந்துகொள்ள வேண்டும். லாரியில் அனுப்பும்போது எடைக்குக் கூலி கொடுக்கிறோம். விமானக் கம்பெனியோ எடையையும் பார்க்கும், இடத்தையும் பார்க்கும். இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் பில் போடும். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுப்பது பொதுவான கணக்கு. 60-க்கு 40-க்கு 30 அளவுள்ள பெட்டிக்கு 12 கிலோ வருகிறது. அதில் 7 கிலோ கறிவேப்பிலை மட்டுமே அடைத்திருந்தால், மீதி 5 கிலோவுக்குக் காற்றுக்கு வாடகை கொடுக்கிறோம் என்று பொருள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். ஆகாயத்திலே போடுவதற்கு அந்த அளவு இன்னும் அவசியம்.

இரண்டாவது, வெப்பம். பறித்த காய்க்கும் உயிர் உண்டு. மூச்சு விடும், சூடாகும். சூடு ஏற ஏற ஆயுள் குறையும். ஆகவே பறித்த சில மணி நேரத்துக்குள் அதன் சூட்டை இறக்கிவிட வேண்டும். அதற்காக எல்லாவற்றையும் ஒரே குளிரில் வைத்தால் போதும் என்று நினைப்பதும் தவறு. வாழைப்பழம் 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுக்கும். வெண்டையும் கத்தரியும் அதிகக் குளிரில் புள்ளி விழுந்து கெடும். கீரைக்கோ நல்ல குளிர் வேண்டும். சின்ன வெங்காயத்துக்குக் குளிரைவிட உலர்ந்த காற்றுதான் முக்கியம். பழுக்கும் வாழையைக் கீரையோடு சேர்த்து வைத்தால், வாழை விடும் வாயுவில் கீரை மஞ்சளாகும்.

உறைய வைத்த பொருள்கள் விஷயம் வேறு. அவற்றுக்கு மைனஸ் 18 டிகிரி வேண்டும். பறப்பதற்கு உலர் பனிக்கட்டி வைத்தால், அதிலிருந்து வெளிவரும் கரியமில வாயு காரணமாக விமான விதிகள் அதை ஆபத்தான பொருள் பட்டியலில் வைத்திருக்கின்றன. அளவைச் சொல்லாமல் வைக்க முடியாது. ஆதலால் மாதக்கணக்கில் தாங்கும் உறைந்த பரோட்டா, நறுக்கிய காய் போன்றவற்றுக்குக் குளிர்சாதனக் கண்டெய்னரும் கப்பலும்தான் கட்டுபடியாகும். அதற்குத் தூத்துக்குடி துறைமுகம் நமக்கு அருகிலேயே இருக்கிறது. இரண்டு நாளில் வாடும் சரக்குக்கு விமானம், ஆறு மாதம் தாங்கும் சரக்குக்குக் கப்பல் என்று பிரித்துக்கொள்வதே வியாபாரப் புத்தி.

மூன்றாவது, நம்பிக்கை. இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. 2013-ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன காய், கனிகளில் 207 சரக்குகளில் பழ ஈ முதலிய பூச்சிகள் இருந்ததாகக் கண்டுபிடித்தார்கள். விளைவு? 2014 மே 1 முதல் இந்திய மாம்பழத்துக்கும், கத்தரி, பாகல், புடலை, சேம்பு ஆகிய நான்குக்கும் ஐரோப்பிய ஒன்றியம் கதவைச் சாத்தியது. மாம்பழத்துக்கு 2015 தொடக்கத்தில் வழி திறந்தது. காய்களுக்கு அதற்குப் பின்னும் தடை நீடித்தது. பட்டியலைப் பாருங்கள்: நம் மார்க்கெட்டில் தினமும் மூட்டை மூட்டையாக இறங்கும் காய்கள்! பூச்சியோடு அனுப்பியவர்கள் சிலர். நஷ்டப்பட்டவர்கள் நாடு முழுவதும்.

2018 மே மாதம் கோழிக்கோடு பக்கம் நிபா காய்ச்சல் வந்தபோது, கேரளக் காய், கனிகளுக்கு ஐக்கிய அரபு நாடுகள் உட்பட வளைகுடாவில் தடை விழுந்தது. நோய்க்கும் நம் வயலுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் எங்கே விளைந்தது என்பதற்கு அத்தாட்சி இல்லாமல் கேரளம் வழியாகப் போகும் காயை, கேரளக் காய் இல்லை என்று எப்படி நிரூபிப்பது? ஊர்ப் பெயர் வெறும் பெருமைக்காகக் கேட்பதில்லை. ஆபத்துக் காலத்தில் அதுவே நம் கவசம்.

"நமக்குக் கேரள வியாபாரமே போதும், கண்காணாத தேசத்துக்கு அனுப்பிப் பணத்துக்கு யார் பின்னால் அலைவது?" என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. சரக்கு இறங்கியபின் "பாதி வாடிவிட்டது" என்று ஒரு போட்டோ அனுப்பி விலையைக் குறைப்பவர்கள் எல்லாத் தேசத்திலும் இருக்கிறார்கள். கொரோனாவால் 2020 மார்ச்சில் பயணிகள் விமானம் நின்றபோது, அவற்றின் வயிற்றில் போய்க்கொண்டிருந்த சரக்குக்கு இடமே அரிதாகிப்போனது. வழக்கமான சர்வதேசப் பயணிகள் சேவை மீண்டும் தொடங்க 2022 மார்ச் 27 ஆயிற்று. வெங்காய ஏற்றுமதியை 2019, 2020, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளில் மத்திய அரசு தடை செய்ததையும் மறப்பதற்கில்லை. எனவே இருக்கிற வியாபாரத்தை விட்டுவிட்டு அகலக்கால் வைக்கும்படி நாம் யாரையும் சொல்லவில்லை. ஓணம், விஷு வியாபாரம் நமக்கு என்றும் வேண்டும்.

நாம் சொல்வது இதுதான். ஆளுக்கொரு ஏற்றுமதிக் கம்பெனி தொடங்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் பொதுவாக ஒரு பேக்கிங் கூடம் போதும். காயை இறக்க ஒரு தளம், தரம் பிரிக்க மேஜைகள், கழுவிக் காயவைக்க வசதி, சூட்டை இறக்க ஒரு குளிர் அறை, குளிரூட்டிய வண்டி ஒன்று: இவ்வளவே. இங்கே மாலையில் கட்டிய பெட்டி, தென்மலை, நெடுமங்காடு வழியாக அன்றிரவே திருவனந்தபுரம் போய்விடும். தனி ஒருவர் தாங்க முடியாத செலவை நாற்பது மண்டிகள் சேர்ந்தால் தாங்கலாம். அங்கே கழிக்கப்படும் இரண்டாம் தரம் நம் உள்ளூர்ச் சந்தையிலேயே விற்றுவிடும். ஆகாயக் கூலி கொடுத்துக் கொண்டுபோய் அங்கே குப்பையில் கொட்ட வேண்டியதில்லை.

காகித வேலையும் மலையைப் புரட்டும் காரியம் அல்ல. ஏற்றுமதி இறக்குமதி எண்ணுக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான். இப்போது நம் பான் எண்ணே அந்த எண்ணாகவும் இருக்கிறது. அபேடா நிறுவனத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பூச்சி இல்லை என்பதற்குத் தாவர நலச் சான்றிதழ் பெற வேண்டும். பணம் வராமல் போகும் அபாயத்துக்கு, 1957 முதல் இயங்கும் மத்திய அரசின் ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகத்தில் காப்பீடு இருக்கிறது.

காகிதத்தைவிடக் கடினமானது கட்டுப்பாடு. எந்த வயலில், எந்தத் தேதியில், என்ன மருந்து அடித்தார்கள் என்று மண்டிக்காரர் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். மருந்து அடித்த மறுநாள் பறித்த காயை, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், பெட்டியில் ஏற்ற மறுக்க வேண்டும். மேலே நல்ல காயும் அடியில் சொத்தைக் காயும் வைக்கும் பழக்கம் யாரிடம் இருந்தாலும் அவருக்குப் பொதுக் கூடத்தில் இடம் இல்லை என்று சங்கமே தீர்மானம் போட வேண்டும். ஒருவர் வைக்கும் சொத்தை அத்தனை பேர் பெயரையும் அழுகவைக்கும்.

மாவட்டத் தலைநகர் தென்காசியாகி 2019 நவம்பர் முதல் ஆண்டுகள் ஓடிவிட்டன. மனுவோடு திருநெல்வேலிக்கு அலைந்த காலம் போயிற்று. பேக்கிங் கூடத்துக்கு இடமும் மானியமும் கேட்டு வேளாண் விற்பனைத் துறையிடம் நம் சங்கம் மனுக் கொடுக்க வேண்டும். மனு கொடுப்பதற்கு முன், எத்தனை மண்டிகள் பங்கு போடத் தயார் என்ற பட்டியல் நம் கையில் இருக்க வேண்டும். வெறுங்கையோடு போகும் மனுவுக்கு எந்த அலுவலகத்திலும் மதிப்பு இல்லை.

அடுத்த பொதுக்குழுவில் இதை முதல் பொருளாக வைப்போம். சம்மதிப்பவர்கள் கையெழுத்திடட்டும், தயங்குபவர்கள் கேள்வி கேட்கட்டும். தோஹாவில் ஒரு கடைக்காரர் பெட்டியைப் பிரிக்கும்போது, அதன் மேல் "சுரண்டை" என்று தமிழில் அச்சிட்டிருப்பதை நம் காலத்திலேயே காண்போம்.